ஆளுக்கு ஒரு வரி

காலையில் கௌதம் பால் பாக்கெட்டைக் கத்தரித்து, காய்ச்சி, நான்கு டம்ளரில் காப்பி ஆற்றுவான். ஒன்று அவனுக்கு. மற்ற மூன்றும் தை மாதம் காய்ச்சலில் இறந்துபோன அவன் மனைவி லாவண்யாவுக்கு. குடித்துவிட்டு நால்வரும் மூக்கண்டப்பள்ளியில் போச்சம்பள்ளி கம்பெனி பஸ் ஏறுவார்கள். 2006இல் இது யாருக்கும் செய்தியல்ல. அந்தக் கம்பெனியின் எக்ஸெல் ஷீட்டுகளில் ஓர் ஆள் எத்தனை விதமாக எழுதப்பட்டாரோ அத்தனை பேராக இருந்தார். கேன்டீன் ஷீட்டில் அவள் அப்பா மணிவேலின் இனிஷியலோடு எம்.லாவண்யா. கல்யாணத்துக்குப் பின் ஷிப்ட் ஷீட்டில் ஜி.லாவண்யா. சீருடை ஷீட்டில் யாரோ இரண்டையும் சேர்த்து எம்.ஜி.லாவண்யா. பஸ் ஷீட்டில் அதை எழுதும் ராமப்பன் கன்னடப் பழக்கத்தில் லாவண்ய என்று முடித்திருந்தார். இறப்பை ஷிப்ட் ஷீட்டில் மட்டும் குறித்தார்கள். மயானத்துக்குப் போனவளும் ஜி.லாவண்யா மட்டும்தான்.

ஷீட்டுகள் கௌதமின் பொறுப்பு. எம்.சி.ஏ. படித்தவன், சரிசெய்யத் தெரியும். செய்யவில்லை. அவனுக்கு ஒரே குறை, அவள் கடைசியாகச் சொன்னது நினைவில் இல்லை. கேட்டால் மூவரும் மூன்று சொன்னார்கள். "அப்பாவுக்கு போன் போடுங்க" என்றாளாம் எம்.லாவண்யா. "ஜன்னலோரம் சீட்டு புடிங்க" என்றது பஸ் ஷீட்டுக்காரி. எம்.ஜி.லாவண்யா, "ஒங்களத் தனியா வுட்டுட்டுப் போறனே" என்று சொன்னதாகச் சாதித்தாள். அவன் அதை நம்ப விரும்பினான், முடியவில்லை.

ஆடியில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஸ்வாதி பஸ்ஸில் மயங்கி விழுந்தாள். தெளிந்ததும், "அண்ணா, ஒங்கூட்டுக்காரம்மாவுக்கு மூணு சீட்டு. நான் சேந்ததுல இருந்து நின்னுக்கிட்டே வரேன். ஒருத்தர் மடியில ஒருத்தர் ஒக்காரக் கூடாதா?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. லாவண்யாக்களும் சிரித்தார்கள்.

அன்று அவன் டேட்டாபேஸ் வரையத் தொடங்கினான். ஆட்களுக்கு ஓர் அட்டவணை, ஆளுக்கு ஒரு வரி, ஓர் எண். இனிஷியல் மாறலாம், எண் மாறாது. சாப்பிடுவதும் பஸ் ஏறுவதும் ஆள் அல்ல, ஆளுக்கு நடப்பவை; அவற்றுக்குத் தனி அட்டவணைகள், அங்கே பெயர் கிடையாது, எண் மட்டும். "எங்களச் சேத்துட்டீங்கன்னா ஒருத்தியும் வரமாட்டோம், தெரியுமில்ல?" என்றாள் எம்.லாவண்யா. தெரியும் என்றான்.

மூவரையும் ஷிப்ட் ஷீட்டில் இருந்தவளோடு ஒரே வரியாக்கினான். அந்த வரியை அழித்துப் பார்த்தான். கம்ப்யூட்டர் மறுத்தது. அவள் சாப்பிட்ட ஒவ்வொரு சாப்பாடும், ஏறிய ஒவ்வொரு பஸ்ஸும் அந்த எண்ணைச் சுட்டி நின்றன. அழிக்க வேண்டியதில்லை என்று புரிந்தது. இறந்த தேதிக்கு ஒரு கட்டம் சேர்த்து நிரப்பினான்.

மறுநாள் ஸ்வாதி உட்கார்ந்து போனாள். உட்கார இடம் இருந்தும் கௌதம் பக்கத்தில் நின்றுகொண்டே போனான். பர்கூர் தாண்டும்போது, மூவரும் சொன்ன மூன்று பேச்சும் மறந்துபோய், ஆஸ்பத்திரியில் அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது மட்டும் அவனிடம் இருந்தது.

"ஃபேனைக் கொஞ்சம் கொறைங்க. பக்கத்து பெட்டு அக்காவுக்குக் குளுருதாம்."