உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி

வெளியே நிற்பவள் கம்பியை இழுக்கும்போது உள்ளே இருப்பவள் விட்டுக்கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவள் இழுக்கும்போது வெளியே நிற்பவள் விட வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தால் கம்பி அறுந்துபோகும். இரண்டு பேரும் சேர்ந்து விட்டால் தொய்ந்துபோய் கண்ணாடியின் விளிம்பில் உரசும். விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு விழுந்தால் போதும். மறுநாள் வெயில் ஏறும்போது யாரும் தொடாமலே கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டு நிற்கும்.

அந்தக் காலையில் அவர்கள் ஒரு பழைய வெள்ளைக் காரின் முன் கண்ணாடியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வைப்பர்களைக் கழற்றியாகிவிட்டது. ஓரத்து ரப்பரை உரித்து எறிந்தாகிவிட்டது. டேஷ்போர்டின்மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டிருந்தார்கள். கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டியிருந்த கறுப்புப் பசையில் குத்தூசியால் ஒரு துளை போட்டு, அதன் வழியாக முறுக்குக் கம்பியை நுழைத்து, இரண்டு முனைகளிலும் கட்டைப்பிடி கட்டி, இழுப்பதும் விடுவதுமாகப் பசையை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய கார்களை உடைத்து விற்கும் அந்த யார்டில் வெளியே நின்றவளை முதலாளி முதல் எடை போடுகிறவர் வரை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்தவள் அவளுடைய கணவனின் தங்கை. அவள் வேலைக்கு வந்த முதல் நாளில் யாரோ வேடிக்கையாக நாத்தனார் என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. முதலாளிகூட, "நாத்தனாரைக் கூப்பிடு" என்பார். யாருக்கு நாத்தனார் என்று கேட்டால் யார்டுக்கே நாத்தனார் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு கார் உள்ளே வந்தால் முதலில் இவர்களைத்தான் அனுப்புவார்கள். தூக்கி வண்டி அந்தக் காரைக் கவ்வித் தூக்கும்போது உடம்பு முறுக்கிக்கொள்ளும். அப்போது கண்ணாடி இருந்தால் தாங்காது. இஞ்சினும் சக்கரமும் எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம், அவற்றுக்கு அவசரமில்லை. இவர்கள் கண்ணாடியை முழுசாக எடுத்துக்கொண்டு போன பிறகுதான் மற்றவர்கள் சம்மட்டியோடு வருவார்கள்.

நாத்தனாருக்கு உள்ளே இருப்பதுதான் பிடிக்கும். கதவை மூடிவிட்டால் வெளியே இரும்பு அறுக்கிற சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, பாதி படுத்த நிலையில், கைகளைத் தலைக்குமேல் தூக்கி அவள் கம்பியை இழுப்பாள். காருக்குள் முன்பு இருந்தவர்களின் வாசனை இருக்கும். தலையெண்ணெய், பால் பவுடர், சிகரெட், எப்போதோ கொட்டிப்போன பழச்சாறு. அதை வைத்து அவள் கதை கட்டுவாள். இந்தக் காரில் போனவர்களுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது, பின்சீட்டுதான் தேய்ந்திருக்கிறது, புருஷன் முன்னாலும் பெண்டாட்டி பின்னாலுமாகத்தான் போயிருப்பார்கள் என்பாள். கண்ணாடி வழியாக அவள் குரல் மெல்லிசாக, அடுத்த வீட்டு ரேடியோபோல வெளியே வரும். பாதி கேட்கும், பாதி கேட்காது. கேட்காததை அண்ணி தானே நிரப்பிக்கொள்வாள்.

இன்றைக்கு அவள் மூச்சு பட்ட இடத்தில் கண்ணாடி வெளுத்து, அதில் ஒரு குழந்தையின் உள்ளங்கை தெரிந்தது. ஐந்து விரலும் விரித்து வைத்த கை. மூச்சு காய்ந்ததும் மறைந்துவிட்டது. நாத்தனார் மறுபடி ஊதினாள். மறுபடி வந்தது. அண்ணியைப் பார்த்துச் சிரித்துவிட்டு அதைக் காட்டினாள். அண்ணியும் சிரித்தாள். ஆனால் கண்ணைச் சந்திக்கவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டு இழுத்தாள்.

இரண்டு நாளாக அவளால் நாத்தனாரின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. முந்தாநாள் முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். உட்காரச் சொன்னார். புதிதாக ஒரு மெஷின் வாங்கப்போவதாகவும், அதைக் கண்ணாடியில் ஒட்டவைத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் கம்பி தானாகவே சுற்றிக்கொள்ளும் என்றும், அதற்கு ஒரு ஆள் போதும் என்றும் சொன்னார். பிறகு, தான் பாவத்தைச் சுமக்க விரும்பாதவர்போல, குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒரே வீட்டு ஆளுங்க. நான் யாரைப் போகச் சொல்றது? நீங்களே சொல்லுங்க அண்ணி."

அண்ணியின் வீட்டுக்காரருக்கு மூட்டை தூக்கி இடுப்பு போன பிறகு இரண்டு பெண்களின் கைதான் அந்த வீட்டில் உலை வைத்தது. மகள் நர்ஸ் படிப்பில் சேர்ந்து பாதியில் நிற்கிறாள். நாத்தனாரோ புருஷன் வீட்டில் அடிபட்டு ஒரே ஒரு பையோடு வந்தவள். அடுப்பங்கரையில் படுக்கிறாள். வந்த நாளிலிருந்து ஒருவேளைச் சோறுகூட அவள் சும்மா தின்றதில்லை. இங்கே வேலை இருப்பதால்தான் அந்த வீட்டில் நிமிர்ந்து நடக்கிறாள். அது அண்ணிக்குத் தெரியும். எல்லாமே தெரியும். ஆனாலும், யோசிக்க நேரம் கேட்கவேண்டும் என்று தோன்றுவதற்கு முன்பே, வாயிலிருந்து வந்துவிட்டது.

"நானே இருக்கேன்."

முதலாளி தலையை ஆட்டினார். அவ்வளவுதான் நடந்தது. வெளியே வந்தபோது நாத்தனார் ஒரு பழைய பஸ்ஸின் படியில் உட்கார்ந்து அவளுக்காகச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

கம்பி பக்கவாட்டை முடித்துக்கொண்டு மேல் மூலைக்கு வந்தது. மூலையில்தான் எல்லாம். அங்கே இழுக்கக் கூடாது, தடவ வேண்டும் என்று அண்ணி சொல்வாள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, தூங்குகிறவர் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுவதுபோல, கம்பி மூலையைச் சுற்றி வந்தது. பசை கறுப்பு மாவாக உதிர்ந்து நாத்தனாரின் நெற்றியில் விழுந்தது. துடைக்கக் கை இல்லாமல் அவள் கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

கண்ணை மூடியபடியே ஏதோ சொன்னாள். அண்ணிக்குக் கேட்கவில்லை. கண்ணாடியில் காதை வைத்தாள். வெயிலில் கண்ணாடி சூடாக இருந்தது.

"முதலாளி என்னையும் கூப்பிட்டாரு, அண்ணி. நேத்து."

அண்ணியின் கை நின்றுவிட்டது. கம்பி இரண்டு பேருக்கும் நடுவில் அசையாமல் இருந்தது.

"ஒரு ஆள் போதும், யாருன்னு நீயே சொல்லுன்னாரு. அண்ணியையே வச்சுக்கங்கன்னு சொல்லிட்டேன். நான் எங்கயாவது பாத்திரம் தேய்ச்சாவது பொழைச்சுக்குவேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

எங்கேயோ ஒரு கதவு கழன்று தரையில் விழுந்த சத்தம் வந்தது. அண்ணி காதை எடுக்கவில்லை. தன் மூச்சில் கண்ணாடியின் வெளிப்பக்கம் வெளுப்பதையும் காய்வதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நானும் அதையேதான் சொன்னேன்."

நாத்தனார் கண்ணைத் திறந்து பார்த்தாள். அவள் புரிந்துகொண்டது வேறு. அண்ணி தனக்காக வேலையை விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அவள் முகம் மெல்ல விரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உள்ளங்கையை அண்ணியின் கன்னம் இருந்த இடத்தில் வைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அப்ப ரெண்டு பேரையுமே வச்சுக்கணும். பாவம், மனுஷன் என்ன பண்ணுவாரு."

அண்ணி அவளைத் திருத்தவில்லை. கட்டைப்பிடியை மறுபடி பிடித்துக்கொண்டாள். கம்பி போயிற்று, வந்தது, போயிற்று. கண்ணில் தண்ணீர் நின்றதால் கண்ணாடியும் காரும் உள்ளே படுத்திருந்தவளும் ஒன்றாகக் கரைந்து தெரிந்தார்கள். நாத்தனார் அதையும் அன்பு என்றே எடுத்துக்கொண்டிருப்பாள்.

கீழ்ப்பக்கம் முடிந்ததும் கண்ணாடி ஒரு சின்னப் பெருமூச்சோடு சட்டத்தை விட்டது. நாத்தனார் உள்ளிருந்து உள்ளங்கைகளால் ஏந்தித் தள்ளினாள். அண்ணி வெளியே பிடித்துக்கொண்டாள். பிறகு ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, சேர்ந்தாற்போல் காலெடுத்து வைத்து, எண்ணெய் தேங்கிய குழிகளைச் சுற்றி நடந்து, கம்பளம் சுற்றிய மரச்சட்டத்தில் சாய்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. வழியெல்லாம் நாத்தனார் எதையோ மெதுவாக முனகிப் பாடிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் மெஷின் வந்தது. அதோடு முதலாளியின் மச்சானும் வந்தான். நல்ல பையன், வந்ததுமே இரண்டு பேருக்கும் வணக்கம் வைத்தான். எங்கோ கடை வைத்து நொடித்துப்போனவன் என்றும், வீட்டில் தினமும் தகராறு என்றும், மெஷினை அவனே பார்த்துக்கொள்வான், இனி இவர்கள் இரண்டு பேரும் வரவேண்டாம் என்றும் முதலாளி சொன்னார். அண்ணியின் பக்கம் பார்க்காமல்தான் சொன்னார். அவளைத்தான் வைத்துக்கொள்வதாகத் தலையாட்டியதை அவள் நினைவுபடுத்தவில்லை. நாத்தனார் பக்கத்தில் நிற்கும்போது எப்படி நினைவுபடுத்துவது? நாத்தனார்தான் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

போவதற்கு முன் ஒரு உதவி செய்ய முடியுமா என்று முதலாளி கேட்டார். மெஷின் நேர்க்கோட்டில் நன்றாகப் போகிறது, மூலையில்தான் மாட்டிக்கொள்கிறது. காலையில் இரண்டு கண்ணாடி போய்விட்டது. ஒரே ஒரு கண்ணாடியைக் கையால் எடுத்துக் காட்டினால் மச்சான் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வான் என்றார். அண்ணிக்கு முடியாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நாத்தனார் அதற்குள் காருக்குள் ஏறிச் சீட்டைச் சாய்த்துவிட்டாள்.

நீல நிறக் கார். இரண்டு பேரும் எப்போதும் எடுப்பதுபோலவே எடுத்தார்கள். மச்சான் போனைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். கொஞ்சம் தலையை விலக்கிக்கொள்ளச் சொன்னான், முகம் மறைக்கிறது, கம்பி தெரியவில்லை என்றான். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுத்தாள். உள்ளே நாத்தனார் முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு கம்பியை விட்டாள். நான்கு மூலையும் முடிந்தது. தூக்கும்போது அவன் இன்னும் கிட்டே வந்து, கண்ணாடிக்கு நேர் எதிரே குனிந்து நின்றான்.

எல்லாம் முடிந்ததும் அவன் சந்தோஷமாக அவர்களுக்கே போட்டுக் காட்டினான். கை துடைத்துக்கொண்டு இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ரொம்பக் கிட்டே பிடித்திருந்ததால் கைகள்கூடப் படத்தின் ஓரத்துக்கு வெளியே போயிருந்தன. அந்தச் சின்னத் திரையில் கண்ணாடி தானாகவே சட்டத்தை விட்டு எழுந்தது. ஒரு கீறல் இல்லாமல், வானத்தையும் இரண்டு மேகத்தையும் தனக்குள் வைத்துக்கொண்டு, யாரும் தூக்காமலே மெல்ல நகர்ந்து போனது.