பின்முனையில் இருந்த பெயர்

இரும்பைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் லவ்ஜிபாய் சாணைச் சக்கரத்தைத்தான் கேட்பார். மூடிப்போன பட்டறைகளிலிருந்து பழைய வெட்டுக்கருவிகளைச் சாக்குச் சாக்காக வாங்கி, தரம் பிரித்து, ராஜ்கோட்டின் லேத்துக்காரர்களுக்கு விற்பது அவருடைய பிழைப்பு. சாக்கில் நல்லதும் சொத்தையும் கலந்தே வரும். பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்பு. ஒவ்வொன்றின் பின்முனையையும் சக்கரத்தில் சற்றே வைத்து எடுப்பார். பொறி மங்கிய சிவப்பாகச் சோம்பி விழுந்தால் உயர்ந்த எஃகு. வெள்ளையாகப் பூப்பூவாய் வெடித்தால் மட்டமான சரக்கு, எடைக்குப் போட வேண்டியதுதான். பின்முனை வெட்டாத முனை. அங்கே உரசினால் கருவிக்கு ஒரு சேதமும் இல்லை.

அந்த வாரம் வந்த சாக்குகள், ஆள் ஒருவர் செத்த பிறகு பூட்டிய பட்டறையுடையவை. சேதி லவ்ஜிபாய் காதிலும் விழுந்திருந்தது. சரக்கு மலிவாகக் கிடைத்ததால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. வியாபாரியின் காது அப்படித்தான், தோதுப்பட்டபோது அடைத்துக்கொள்ளும்.

அவர் மனைவி ஜிவிபென் மண்ணெண்ணெய்த் துணியால் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலேருந்து ஒரு வாய் ரொட்டிகூட உள்ள போகல. இரும்புத்தூள்லயே வயிறு ரொம்பிடுச்சா?"

"நீ போடற ரொட்டியைவிட இது மெதுவாத்தான் இருக்கு."

அவள் துணியை அவர்மேல் வீசியபோதுதான் வாசலில் ஒரு பெண் நிற்பது தெரிந்தது. வந்தவள் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான் மங்கு. அந்தப் பட்டறைல செத்துப்போன தேவ்ஷியோட சம்சாரம்."

லவ்ஜிபாய் சக்கரத்தை நிறுத்தினார். ஜிவிபென் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அவர் அங்க வேலையே பார்க்கலையாம், பாய். வழியில போனவன் உள்ள வந்து விழுந்து செத்தான்னு கோர்ட்ல சொல்றாங்க. முதலாளி வீட்டு ஆம்பளைங்க மூணு பேர்தான் லேத் ஓட்டினாங்களாம். சம்பளம் கையில குடுத்ததால எங்ககிட்ட ஒரு காகிதமும் இல்ல. ஆனா அவர் டூல்ல எல்லாம், இரும்புல பொறிக்கிற கரன்ட் பேனாவால பேரு எழுதி வச்சிருப்பார். எல்லாருமே எழுதுவாங்க, இல்லேன்னா பக்கத்து லேத்துக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான்."

"எந்தப் பக்கம் எழுதுவார்?" தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

"பின்னாடி. வெட்டாத பக்கம்."

லவ்ஜிபாய் திரும்பிப் பார்த்தார். உரசி முடித்த குவியலில் அத்தனை பின்முனைகளும் பளபளத்தன. இன்னும் சக்கரத்தில் வைக்காதது கடைசிச் சாக்கில் பாதிதான். அதைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். இத்தனை வருட வியாபாரத்தில் அவர் அதைச் செய்ததே இல்லை.

"கர்சன்."

"இல்ல."

"பேச்சர். ஹமீர். மறுபடியும் கர்சன். நாக்ஜி."

"இல்ல பாய்."

சாக்கு தீர்ந்தது. மங்கு குவியலிலிருந்து ஒரு கருவியை எடுத்து, வெளுத்த முனையைக் கட்டைவிரலால் தடவினாள். புரிந்துவிட்டது.

"இதுல பேரு இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"படிச்சீங்களா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. பார்த்தேன் என்று ஒரு சொல் சொன்னால் அவள் வழக்கு நிமிர்ந்துவிடும். "இல்ல, பென்," என்றார், கூடப்பிறந்தவளிடம் சொல்வதுபோல. "நான் பொறியைத்தான் பார்த்தேன்."

"அவர் கையெழுத்து, பாய். ஒரு தடவை கண்ணை ஓட்டியிருக்கக் கூடாதா?" அவள் கருவியை அவர் முன்னே நீட்டினாள். "உங்ககிட்டயும் கரன்ட் பேனா இருக்குல்ல? நீங்களே இப்ப எழுதிக் குடுங்க."

பேனா மேசைமேல்தான் இருந்தது. அவர் கை அதுவரை போய் நின்றது. "புதுசா அரைச்ச வெளுப்புமேல எழுதினா எந்த லேத்துக்காரனும் காட்டிக்குடுத்துடுவான். உங்க உண்மையே பொய்யாயிடும்."

அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மங்கு சத்தமில்லாமல் அழுதாள்.

தரையில் கிடந்தவற்றைக் கையால் அளைந்துகொண்டிருந்த ஜிவிபென் நிமிர்ந்தாள். "மூணு பேர்தான் ஓட்டினாங்கன்னாங்கல்ல? அப்ப இந்த நாலு பேரும் யாரு? இவங்களும் வழியில போனவங்களா?"

மங்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தாள்.

லவ்ஜிபாய் கர்சன் என்று எழுதியிருந்ததை எடுத்து மறுபடி படித்தார். பிறகு சொன்னார்: "இதெல்லாம் அந்தப் பட்டறை டூல்தான்னு நான் கோர்ட்ல போய்ச் சொன்னா, இனி ஒரு பட்டறையும் எனக்குச் சாக்கு தராது."

"தராது," என்றாள் ஜிவிபென். சொல்லிக்கொண்டே, பெயருள்ளவற்றைத் தனியாகப் பொறுக்கிச் சாக்கில் போட ஆரம்பித்தாள்.

"கோர்ட்டு என்னிக்குன்னு சொல்லியனுப்புங்க, பென். மிச்ச பேரையெல்லாம் அழிச்சவன் நான்தான்னும் அங்க சொல்லிடறேன்."

மங்கு தலையசைத்தாள். போக எழுந்தவள், கையிலிருந்த அந்த வெளுத்த கருவியைக் கீழே வைக்கவில்லை.

"இதை நான் எடுத்துக்கட்டுமா?"

"அது அவரோடதுதான்னு சொல்ல முடியாதே, பென்."

"இல்லைன்னும் உங்களால சொல்ல முடியாதே, பாய்."

லவ்ஜிபாய் சுத்தமான துணி ஒன்றைத் தேடி எடுத்து, கருவியை வாங்கி அதில் சுற்றி, இரு கையாலும் அவளிடம் கொடுத்தார்.