நடுங்கினால் சமைக்கலாம்

எங்கள் ஊரில் காளானை அரிவாள்மனைக்கு முன்னால் வைத்துத்தான் சோதிப்பார்கள். நடுங்கினால் சமைக்கலாம். நடுங்காவிட்டால் விஷம். தன்னைத் தின்றவனுக்கு என்ன ஆகும் என்று தெரிந்த காளான் எதற்காகப் பயப்பட வேண்டும்? விஷக்காளானை நாங்கள் மிதிப்பதும் இல்லை, எறிவதும் இல்லை. வாழையிலையில் வைத்து, வெளியூர் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார வைத்து அனுப்பிவிடுவோம்.

புரட்டாசியில் இடி இடித்த மறுநாள் காலை என் மனைவி தவமணி கொல்லைப்புறக் கறையான் புற்றில் ஒரு காளானைக் கண்டெடுத்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அவளுக்கு இது ஏழாம் மாதம். பத்து நாளாகக் காளான், காளான் என்று ஒரே பேச்சு. நான் வாங்கி வந்த மீனையும் தொடவில்லை, முட்டையையும் தொடவில்லை. குடை விரியாத மொட்டுக் காளான், நுனி கூராக இருந்தது. பார்த்தால் புற்றுக்காளான்தான். ஆனால் தண்டில் ஒரு வளையம் இருந்தது. நான் அப்படிப் பார்த்ததில்லை.

"கழுத்துல வளையம் இருக்கு" என்றேன்.

"நானும்தான் செயின் போட்டிருக்கேன். நான் விஷமா?"

அவள் சின்ன வெங்காயத்தை உரித்தே முடித்துவிட்டாள். இவள் பிடிவாதத்தில் இரண்டு உயிர் போய்விடும் என்று பயந்து, காளான் பார்க்கிற சிலம்பாயியை ஓடிப்போய் அழைத்து வந்தேன். மொட்டு விரிவதற்குள் பார்த்துவிட வேண்டும். விரிந்த காளான் காற்றுக்கே ஆடும், அதை நடுக்கம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சிலம்பாயி கதவைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். காளானைப் பலகையில் வைத்து, எதிரே அரிவாள்மனையை வைத்தாள். மூவரும் சுற்றி உட்கார்ந்தோம்.

"மூச்சு அது மேல படக் கூடாது தாயி. தள்ளி உக்காரு."

கால் மணி நேரம் ஆயிற்று. காளான் அசையவில்லை. தவமணி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். குடையின் ஓரம் மெல்லப் பிரியத் தொடங்கியது.

"இப்ப ஆடுச்சு" என்றாள் தவமணி.

"ஆடலை" என்றாள் சிலம்பாயி.

"நான் பாத்தேன்."

சொல்லிக்கொண்டே கையை நீட்டி, குடையில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாய்க்குக் கொண்டு போனாள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை நடுங்கிவிட்டது. என் முழங்கால் பட்டுப் பலகை தடதடவென்று ஆடியது.

சிலம்பாயி அவள் கையைப் பிடித்துத் துணுக்கை வாங்கி இலையில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். என் தோளை அமுக்கிப் பார்த்தாள், முகர்ந்தாள், முழங்கையில் கொஞ்சம் மஞ்சள் தேய்த்தாள்.

"இது சமைக்கலாம்" என்றாள்.

அவள் பார்த்துச் சொன்னது இதுவரை தப்பியதில்லை. தவமணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெங்காயத்தையும் பார்த்தாள்.

"எனக்காகத்தானே நடுங்குனீங்க?"

"ஆமாம்" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரே வேளையில தின்னு தீக்க மனசு வரல, சிலம்பாயிக்கா. விதைக்கு வச்சுக்கிறேன்."

அந்த நிமிடம் அவள் மேல் எனக்கு வந்த பிரியத்துக்கு அளவே இல்லை.

வளையக் காளான் பத்தரை மணி பஸ்ஸில் போயிற்று. சிலம்பாயியும் தவமணியும் வைக்கோலை வேகவைத்து, பிழிந்து, ஆறவிட்டு, கொல்லைக் கொட்டகையில் என்னைச் சுற்றி இடுப்பு வரை அடுக்கினார்கள். வெயில் படாமல் ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிட்டார்கள். தவமணி காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள், வைக்கோலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இந்த ஆறு வருடத்தில் இவ்வளவு கவனிப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

பதினோராம் நாள் காலை என் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் முளைத்திருந்தார்கள். என் ஜாடைதான், மூக்கு மட்டும் கொஞ்சம் எடுப்பு. பத்து மணிக்குள் முழு உயரம் வளர்ந்து, வைக்கோலைத் தட்டிவிட்டு எழுந்து நின்றார்கள்.

அன்று தவமணி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். கூடைப் பையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க" என்றாள்.

"ம்" என்றோம் மூன்று பேரும்.

கதவருகில் நின்றவரிடம் பையைக் கொடுத்தாள். இன்னொருவரிடம் என் குடையைக் கொடுத்து, நான் எடை போடுகிற ரேஷன் கடைக்கு அனுப்பினாள். பிறகு சாக்கை நனைத்து, என் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, பை வைத்திருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கிப் போனாள்.