ராஜா விழுந்தால் பன்னிரண்டு நிமிடம்

வானொலி ஒன்பது மணிக்குப் 'பீப்' என்றது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் எர்மிந்தா பொத்தானை அழுத்திவிட்டாள். எட்டு ஐம்பத்தெட்டிலிருந்தே அவள் விரல் அதன்மேல்தான் இருந்தது. ஜன்னலோரத்து மஞ்சள் பெட்டி சற்று யோசித்துவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"சனியனே," என்று உடனே மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு.

இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் அழுத்தினால் பாட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று பெட்டி மறுநாள் காலை வரை தூங்கிவிடும். அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை: நலம். போன் எட்டாத அய்சேன் பள்ளத்தாக்குகளில் இருக்கிற வீடுகளுக்கு இரண்டு குளிர்காலம் முன்பு முனிசிபாலிட்டி கொடுத்தது. பொத்தானை அழுத்தினால் அந்த வார்த்தை செயற்கைக்கோளுக்கு ஏறி நகரத்தில் இறங்கும். போய்ச் சேர்ந்தால் பச்சை. ஒன்பது நாளாக அவள் பச்சையைப் பார்க்கவில்லை. துடைத்துப் பார்த்தாள், வேலிக் கம்பத்தின் மேல் வைத்துப் பார்த்தாள், மாதாவிடம் வேண்டியும் பார்த்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால், விளக்கைவிட அந்தப் 'பீப்'தான் அவளுக்கு முக்கியம். புருஷன் குஸ்தோதியோவை ஆறு கொண்டுபோய் நாலு வருஷம் ஆகிறது. பக்கத்து வீடு என்றால் குதிரையில் அரை நாள். ஏரிக்கடைசியில் அவளும் ஒரு நாயும் பதினெட்டு ஆடுகளும்தான். ஆனால் ஒன்பது மணிக்கு, முகம் பார்த்திராத அத்தனை வீடுகளிலும் விரல்கள் ஒன்றாக இறங்குகின்றன என்று அவளுக்குத் தெரியும். கோவிலில் எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்வதுபோல. நாள் முழுக்க அவள் வேறு மனிதர்களோடு சேர்ந்து செய்கிற காரியம் அது ஒன்றுதான்.

'பீப்'புக்குப் பிறகு வானொலிக்காரன் கல்வரினோ வீடுகளுக்கு வந்த சேதிகளை வாசிப்பான். வாய் நிறையக் கிண்டல் வைத்திருக்கிற ஆள்.

"மேட்டுப் பண்ணை செகுந்தோ அண்ணனுக்கு. உங்க அடுப்பு லாரில வருது. வெள்ளிக்கிழமை ரெண்டு மாட்டோட பாலத்துக்கு வாங்க. போன தடவை மாதிரி பொண்டாட்டிய மட்டும் அனுப்பிட்டு நீங்க தூங்கிடாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க." தாளைப் புரட்டினான். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஏரிக்கடைசி எர்மிந்தா அக்காவுக்கு. மக நிமியா சொல்றா: 'அம்மா, ஒம்பது நாளா உன் சேதி இல்ல. நேத்து சொன்ன மாதிரி, ரெண்டு போலீஸ்காரங்களோட இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஆத்தைக் கடக்கறேன். உயிரோட இருந்தா பயப்படாம இரு. வந்துடறேன்.'"

"கடக்காதேடி! பாவி, கடக்காதே!" எர்மிந்தா வானொலியைப் பார்த்துக் கத்தினாள். நாய் எழுந்து வெளியே போய்விட்டது. பனி உருகி நாலு நாளாக ஆறு இரைகிற சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கிறது. குஸ்தோதியோவும் இதே மாதத்தில், இதே துறையில்தான், குதிரை நல்ல குதிரை என்று சொல்லிக்கொண்டு இறங்கினான்.

அப்போது வானொலியில் ஒரு பெண் குரல் தொண்டையைச் செருமியது.

"நான் ஒரியானா. மஞ்சப் பெட்டிகளப் பாத்துக்கறவ. தப்பு எங்க மேலதான். ஆளுக்கொரு நேரத்துல அழுத்துவீங்கன்னு நெனச்சுப் பெட்டியச் செஞ்சோம். நீங்க எல்லாரும் பீப் கேட்டதும் அழுத்தறீங்க. மேல உங்க எல்லாருக்குமா ஒரே பாதைதான் இருக்கு. ஒரே நொடியில அத்தனை சேதி கெளம்பினா ஒண்ணோட ஒண்ணு மோதி எல்லாம் குப்பையாயிடும். சிவப்பு எரிஞ்சா உடனே மறுபடி அழுத்தறீங்க, மறுபடி மோதுது. பத்து நாள் முன்னாடி இன்னும் இருபது வீட்டுக்குப் பெட்டி குடுத்தோம். அதோட நெரிசல் தாங்கல. மலை இடுக்குல இருக்கறவங்க சேதி மெலிசா வரும், மோதினா மொதல்ல சாகறது அதுதான். சோம்பேறிங்க சேதி மட்டும் ஒழுங்கா வருது."

"அதான் என் மச்சான் சேதி தெனமும் வந்துடுது," என்றான் கல்வரினோ.

"பெட்டியே பொறுத்துப் பொறுத்து அனுப்பற மாதிரி கோடையில மாத்தித் தரோம். அதுவரைக்கும் ஒரு வழி. எல்லார் வீட்டுலயும் த்ரூக்கோ சீட்டுக்கட்டு இருக்குமில்ல? கலைச்சு ஒண்ணு எடுங்க. அதுல என்ன எண்ணோ, பீப் கேட்டு அத்தனை நிமிஷம் பொறுத்து அழுத்துங்க. ராஜா விழுந்தா பன்னெண்டு. நீங்களா ஒரு எண்ண நெனைக்காதீங்க, எல்லாரும் ஏழத்தான் நெனைப்பீங்க. இன்னிக்கு மட்டும் ஒம்பதரைக்கு இன்னொரு பீப் வரும்."

எர்மிந்தா ஏழைத்தான் நினைத்திருந்தாள். அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

சீட்டுக்கட்டு கதவுக்குப் பின்னால் தொங்கிய குஸ்தோதியோவின் கோட்டுப் பையில் இருந்தது. நாலு வருஷமாக அந்தப் பையில் அவள் கைவிட்டதில்லை. உள்ளே புகையிலைத் தூளும் ஒரு பொத்தானும் இருந்தன. சீட்டுகள் ஓரத்தில் பிசுபிசுத்தன. கலைத்து ஒன்றை உருவினாள். கோப்பைப் படம் போட்ட ராஜா.

"பன்னெண்டா! என்னைக் காக்க வெக்கறதே உனக்குப் பொழப்பாப் போச்சு," என்று கோட்டைப் பார்த்துச் சொன்னாள். திருப்பி வைத்துவிட்டு வேறொன்று எடுக்கலாமா என்று கை துடித்தது. எடுக்கவில்லை.

ஒன்பதரைக்குப் 'பீப்' வந்தது. சுவர்க் கடிகாரத்தின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் போனது. எங்கோ ஒரு வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். இரண்டாவது நிமிடத்தில் வேறு யாரோ. மூன்றாவதில் செகுந்தோவின் பொண்டாட்டியாக இருக்கலாம். கோவில் கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்து போக, தான் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

ஜன்னல் வழியே வேலி தெரிந்தது. அதன்மேல் நிமியாவின் சிவப்புக் கம்பளி. அவர்கள் வரப்போவதாக நேற்று வானொலியில் கேட்டதும் துணிப்பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள். நாலு பேருக்கு ரொட்டி பிசைந்தாள். கூடாதுடி, வராதே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பிசைந்தாள். மகளைப் பார்த்து ஒன்றரை வருஷம்.

ஏழாவது நிமிடத்தில் அந்த நினைப்பு வந்தது. அழுத்தாமல் விட்டால் அவள் வருவாள். இரண்டு போலீஸ்காரர்கள் கூட இருக்கிறார்கள், கயிறு இருக்கும், நல்ல குதிரை இருக்கும். சாயங்காலம் இந்த நாற்காலியில் ஈர பூட்ஸைக் கழற்றிக்கொண்டு, என்னம்மா இப்படி இளைச்சுப்போயிட்டே என்று திட்டுவாள். எர்மிந்தாவுக்கு அழுகை வந்தது. இப்படி ஆசைப்படுகிற தன்னை நினைத்தும் வந்தது. ஆறு இரைந்துகொண்டே இருந்தது. அவள் எழுந்துபோய்ப் பெட்டியின் முன் நின்றுகொண்டாள்.

ஒன்பது நாற்பத்திரண்டு. அழுத்தினாள். பெட்டி யோசித்தது.

பச்சை.

கொஞ்ச நேரத்தில் கல்வரினோ கத்தினான். "எர்மிந்தாக்கா, வந்துடுச்சு! நிமியா, குதிரைய விட்டு எறங்கு. உங்கம்மா நல்லாத்தான் இருக்கா!" அப்புறம் இரண்டு பாட்டு போட்டான். அது முடிந்ததும் ஒரு சேதி வாசித்தான். "நிமியா போலீஸ் ரேடியோவுல சொல்லிருக்கா: 'சந்தோஷம்மா. தண்ணி வத்தட்டும், பாப்போம்.'"

"பாப்போம்," என்றாள் எர்மிந்தா. ரொட்டியை நாயும் அவளுமாகத் தின்றார்கள்.

மறுநாள் காலை எட்டு ஐம்பத்தெட்டுக்குச் சீட்டை உருவினாள். ஐந்து. வானொலி 'பீப்' என்றதும் அவள் கை தானாகப் பெட்டியை நோக்கி எழுந்தது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எல்லா வீடுகளிலும் கைகள் இப்படித்தான் மடியில் கிடக்கும். வேலிமேல் கம்பளி இரவுப் பனியில் விறைத்து, சிவப்பு தெரியாமல் வெளுத்திருந்தது. ஐந்து நிமிடம் கழித்து, வேறு யாரும் இல்லாத அந்த நிமிடத்தில், அவள் அழுத்தினாள். பச்சை உடனே எரிந்தது.