ஒரு டேக்குக்கு ஒரு கொய்யா

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்டார் நெட் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு சட்டம் உண்டு. வெப் பக்கம் எழுதும்போது யாராவது ஒரு டேக்கைத் திறந்து மூடாமல் விட்டால், மறுநாள் ஓர் ஆயக்குடிக் கொய்யா கொண்டுவர வேண்டும். காய் சின்னதாக இருந்தால் மரியராஜ் சார் திருப்பி அனுப்பிவிடுவார்.

டேக் என்பது, இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று பிரவுசருக்குச் சொல்லும் குறி. திறந்ததை மூட வேண்டும் என்பது நியாயம்தான். உள்ளே வைக்க எதுவுமே இல்லாத குறிகளும் உண்டு. அவற்றையும் ஒரு சாய்கோடு போட்டு மூட வேண்டும் என்பது மரியராஜ் சாரின் நியாயம். போடாவிட்டால் கொய்யா.

கௌசல்யா முதல் மாதத்தில் பதினொரு கொய்யா கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

அவள் அதற்கு முன்னால் நாலு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்தவள். ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்து, இனிமேல் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். வீட்டில் கத்திப் பார்த்தார்கள், பிறகு ஆறு மாதம் கொடுத்தார்கள். அதற்குள் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தால் சரி, இல்லையென்றால் மறுபடி மில். மில் வண்டி தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் தெருமுனையில் வந்து நிற்கும். டிரைவர் ஈஸ்வரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார்.

"என்ன தாயி, வாரியா?"

"இல்லண்ணே."

"ஒன் சீட்டுல இன்னும் யாரையும் ஒக்கார வைக்கல. அவசரமில்ல, நின்னு யோசி."

பிரியமாகத்தான் சொல்வார். அவள் நிற்காமல் நடப்பாள்.

மில்லில் சுவரில் எழுதியிருப்பதை ஏன் என்று யாரும் கேட்பதில்லை. முடியைத் தொப்பிக்குள் வை என்று எழுதியிருந்தால் வைக்க வேண்டும். வைக்காத ஒருத்திக்கு என்ன ஆனது என்று மில்லில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தோடு சென்டருக்கு வந்தவள், அங்கே சுவரில் எழுதியிருந்ததையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். பக்கத்தின் மேலே, இது எந்த வகைப் பக்கம் என்று பிரவுசருக்குச் சொல்ல, முழ நீளத்துக்கு ஒரு டாக்டைப் வரி. அதை அடி பிசகாமல் மனப்பாடமாக எழுத வேண்டும். பக்கம் முழுவதையும் டேபிளாகக் கட்டி, டேபிளுக்குள் டேபிள் வைக்க வேண்டும். அகலம் எண்ணூறு புள்ளி. கடைசியில் பிழை தேடும் வேலிடேட்டரில் கொடுத்து, பிழை பூஜ்யம் என்று வந்தால், பக்கத்தின் அடியில் மஞ்சள் முத்திரை ஒட்ட வேண்டும். மரியராஜ் சார் ஆயுத பூஜைக்கு மானிட்டர்களுக்குச் சந்தனம் வைத்தபோது, அந்த முத்திரையையும் பிரிண்ட் எடுத்து நடுவில் வைத்துக் குங்குமம் இட்டார். அவர் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பிள்ளைகள் கேட்டதற்கு, "இது எல்லாருக்கும் பொதும்மா" என்றார்.

சென்டரின் வேதம் நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு நோட்ஸ். யாரோ கையால் எழுதியதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, சுருள் பைண்டிங் போட்டுக் கொடுப்பார்கள். முதல் பக்கம் எப்போதோ தொலைந்துவிட்டது. எழுதிய கை அழகான கை. முக்கியமான இடங்களில் மூன்று நட்சத்திரம் இருக்கும். ழகரத்தின் வால் மட்டும் தேள் கொடுக்கு மாதிரி வளைந்து அடுத்த வரியைக் குத்தும். பதினேழாம் பக்கத்தில் டீ கிளாஸ் வைத்த வளையம் ஒன்று விழுந்திருந்தது. பிள்ளைகளில் இரண்டு பேர் அந்த வளையத்தையும் தங்கள் நோட்டில் வரைந்து வைத்திருந்தார்கள்.

கௌசல்யாவுக்குப் பக்கத்துச் சீட் ஃபர்ஹீன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். ஒரு நாள் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"சார், இப்ப இந்தச் சாய்கோடெல்லாம் தேவையில்லையாம். டாக்டைப்பும் ரெண்டே வார்த்தைதானாம். டேபிள் கட்டுறதை விட்டு ரொம்ப வருசமாச்சாம்."

"யாரு சொன்னா?"

"இன்டர்நெட்ல போட்டிருக்கு சார்."

மரியராஜ் சார் சிரித்தார். "இன்டர்நெட்ல ஆயிரம் போடுவான். அதையெல்லாம் நம்பினா வெப் டிசைன் எப்படிம்மா படிக்கிறது?"

வகுப்பே சிரித்தது. கௌசல்யாவும் சிரித்தாள். ஃபர்ஹீன் அவள் காதருகே குனிந்து, "சிரி சிரி. ஒனக்கு மில்லுல காது போச்சுன்னு நெனச்சேன், மூளையுமா?" என்றாள். கௌசல்யா திரையைப் பார்த்துக்கொண்டு, "நீ நாளைக்கு ரெண்டு கொய்யா கொண்டு வரணும். ஏழாவது வரியும் ஒம்பதாவது வரியும் மூடல" என்றாள்.

ஆறு மாதம் முடியப் பத்து நாள் இருந்தபோது இன்டர்வியூ வந்தது. நத்தம் ரோட்டில் ஒரு வீட்டின் முன்னறையில் நாலு கம்ப்யூட்டர் போட்டு, லாட்ஜுகளுக்கும் பஞ்சாமிர்தக் கடைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கும் சின்ன ஆபீஸ். நடத்துகிறவள் பெயர் ஆனந்தி. நாற்பது வயது இருக்கும். பேச்சில் உப்பும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது.

பழனியில் லாட்ஜ் நடத்தும் முத்துக்கிருஷ்ணன் தன் வெப்சைட் விஷயமாக வந்து உட்கார்ந்திருந்தார். ஆனந்தி ஒரு தாளை எடுத்து மளமளவென்று எழுதிக் கொடுத்தாள். பழனி லாட்ஜுக்கு ஒரு பக்கம். அறையின் படம், வழி, போன் நம்பர். ஒரு மணி நேரம்.

தாளை வாங்கிய கௌசல்யாவுக்கு என்னவோ உறுத்தியது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. யோசிக்க நேரமில்லை. டாக்டைப் வரியைப் பாராமல் எழுதினாள். கட்டங்கள் கட்டினாள். எல்லாவற்றையும் மூடினாள். மூடியதை இரண்டு தரம் எண்ணினாள். வேலிடேட்டரில் கொடுத்தாள். பிழை பூஜ்யம். மஞ்சள் முத்திரையை ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோது இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருந்தது.

ஆனந்தி அதைக் கம்ப்யூட்டரில் பார்க்கவே இல்லை. போனில் திறந்து முத்துக்கிருஷ்ணனிடம் கொடுத்தாள்.

"ரூம் போடப் போறவரு நீங்கதான்னு வச்சுக்கங்க. லாட்ஜுக்குப் போன் பண்ணுங்க பாப்போம்."

அவர் கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். போனைத் தூரத்தில் பிடித்தார், மூக்கருகே கொண்டுவந்தார். இரண்டு விரலால் விரித்தார். பக்கம் வடக்கே ஓடியது. இழுத்தார், தெற்கே ஓடியது.

"ஏனுங்க, நம்பரு எங்கீங்க?"

"வலது பக்கம், ரெண்டாவது டேபிளுக்குள்ள மூணாவது கட்டத்துல இருக்கு சார்" என்றாள் கௌசல்யா.

"கட்டமுங்களா? நான் ஜாதகம் பாக்க வரலீங்களே."

"சார், இதுல ஒரு தப்புகூட இல்ல. செக் பண்ணிட்டேன்."

"தப்பு இல்லீங்க. நம்பரும் இல்லீங்க. தைப்பூசத்துக்கு நடந்து வர்றவன் ஒரு கையில காவடி புடிச்சுக்கிட்டு ஒரு கையில போனைத் தடவுவானுங்க. அவன் இதைத் தேடி முடிக்கறதுக்குள்ள மலையேறி எறங்கிருவானுங்க."

ஆனந்தி போனை வாங்கி, பக்கத்தின் உள்ளே எழுதியிருந்ததைத் திறந்து பார்த்தாள். முதல் வரியிலேயே அவள் கண் நின்றது. "எந்த சென்டர் நீ?"

"ஸ்டார் நெட்."

"மரியராஜ் சாரா?" ஆனந்தி முதல் தடவையாகச் சிரித்தாள். "மனுசன் இன்னும் கொய்யா வாங்குறாரா? நான் ரெண்டாயிரத்தாறு பேட்ச். அப்பயே காசுக்குப் பதிலா கொய்யா வாங்குன ஒரே வாத்தியாரு." சிரிப்பு நின்றது. "இங்க பாரும்மா. இதெல்லாம் செத்துப் பதினஞ்சு வருசமாச்சு. யாரு இந்தக் குப்பையை ஒங்களுக்கு எழுதிக் கொடுக்குறா?"

கௌசல்யாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. கையில் இருந்த தாளைப் பார்த்தாள். பழனி என்று எழுதிய இடத்தில் ழகரத்தின் வால் வளைந்து அடுத்த வரியைக் குத்திக்கொண்டிருந்தது. பைக்குள் கையைவிட்டு நோட்ஸை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

"நீங்கதான்க்கா."

ஆனந்தி புரட்டினாள். மூன்று நட்சத்திரங்களைப் பார்த்தாள். பதினேழாம் பக்கம் வந்ததும் வளையத்தின்மேல் விரலை வைத்தாள்.

"என் டீ" என்றாள் மெதுவாக.

முத்துக்கிருஷ்ணன் எட்டிப் பார்த்தார். "எழுத்து அம்சமா இருக்குதுங்க."

"அண்ணே, செத்த நேரம் சும்மா இருங்க."

கௌசல்யா சும்மா இருக்கவில்லை. "அக்கா, இதை மனப்பாடம் பண்ணித்தான் இங்க வந்தேன். இன்னும் பத்து நாள்ல வேலை இல்லன்னா மில் வண்டியில ஏறணும். இதுல இல்லாத எதையும் நான் படிக்கல. போன்ல பாப்பாங்கன்னு இதுல ஒரு வரி இல்ல."

"அப்ப போன்ல பாக்கிறதே கெடையாதும்மா."

"அதை எங்கயாவது எழுதியிருக்கீங்களா? இது எந்த வருசத்து நோட்ஸுன்னு?"

"முதப் பக்கத்துல எழுதியிருந்தேன்."

"அந்தப் பக்கம் இல்லக்கா."

ஆனந்தி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற வகை இல்லை அவள். நோட்ஸை மூடித் திருப்பிக் கொடுத்தாள். "ஒரு வாரம். இதே பக்கம், இதே அண்ணன், இதே போன். அவரு நம்பரை அமுக்கிட்டாருன்னா வேலை. இல்லன்னா நீ ஒன் வண்டியப் பாத்துக்க."

கௌசல்யா நேராக சென்டருக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். மரியராஜ் சார் கொய்யாவில் உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிக்கொண்டே கேட்டார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நம்ம ஆனந்தியா? இப்ப ஆபீஸே நடத்துதா? பாத்தியா, இந்த நோட்ஸைப் படிச்ச பிள்ளை எங்க போயிருக்கு!"

"சார், அவங்களே இதைத் தப்புங்கிறாங்க."

"ஆளு மாறும்மா. நோட்ஸ் மாறுமா?" என்று ஒரு துண்டை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. அந்த ஒரு வாரமும் ஃபர்ஹீன் வீட்டில் உட்கார்ந்தாள். ஃபர்ஹீன் ஆறு மாதமாக சென்டருக்கு வந்துகொண்டே, போனிலேயே புது முறையைப் படித்து முடித்திருந்தாள். சொல்லிக் கொடுப்பதைவிடத் திட்டுவதில் அவளுக்கு ருசி அதிகம்.

"ஏ, டேபிளைக் கட்டாத. கையைக் கட்டிப் போட்டாத்தான் அடங்குவ போல."

கௌசல்யாவின் விரல்கள் தானாகச் சாய்கோட்டுக்குப் போயின. அது இல்லாமல் விட்ட ஒவ்வொரு இடத்திலும், எங்கோ ஒரு மெஷின் மூடாமல் ஓடுவதுபோல அவளுக்குப் படபடத்தது. மூன்றாவது நாள்தான் அந்த ஒரு வரியைக் கற்றாள்: போன் எவ்வளவு அகலமோ பக்கமும் அவ்வளவு அகலம் என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி. ஒரே வரி. அதைப் போட்டு ஃபர்ஹீனின் போனில் திறந்ததும் எழுத்துகள் எழுந்து நின்றன. கௌசல்யா வெகுநேரம் அதையே பார்த்தாள். நாற்பத்திரண்டு பக்கத்தில் இதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

ஏழாம் நாள் முத்துக்கிருஷ்ணன் கண்ணாடியைத் தேடிக்கொண்டே போனை வாங்கினார். கண்ணாடியைப் போடுவதற்கு முன்பே கட்டைவிரல் எதன்மேலோ பட்டது. அவர் சட்டைப் பையில் இருந்த லாட்ஜ் போன் அடித்தது. பழக்கத்தில் எடுத்தார்.

"வணக்கமுங்க, பால்பண்டாரம் லாட்ஜுங்க. எத்தனை பேருங்க?"

பதில் வரவில்லை. இன்னொரு தரம் கேட்டார். மற்றக் கையில் இருந்த போனிலும் தன் குரலே கேட்கவும் ஆனந்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"ரூம் இருக்குன்னு சொல்லி வையுங்கண்ணே" என்றாள் ஆனந்தி. பிறகு கௌசல்யாவிடம், "நாளைக்கு ஒம்பது மணிக்கு வா. மூணு மாசம் பாப்பேன்" என்றாள். வேலிடேட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் மில் வண்டி வந்து நின்றபோது கௌசல்யா தானாகவே ஜன்னலருகே போனாள்.

"என் சீட்டை வேற யாருக்காவது குடுத்துருங்கண்ணே."

"கம்ப்யூட்டரு வேலையா?"

"ஆமாண்ணே. மூணு மாசம் பாத்துட்டுத்தான் சொல்வாங்களாம்."

"அப்ப நானும் மூணு மாசம் பாக்குறேன் தாயி" என்று ஈஸ்வரன் கியரைப் போட்டார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் ஆனந்தி அவளிடம் ஒரு வேலை கொடுத்தாள். ஸ்டார் நெட்டுக்குப் புதிதாக ஒரு நோட்ஸ், ஒரே தாள் போதும். "நான் எழுதுனா மறுபடி பதினெட்டு வருசம் ஓட்டுவாங்க. நீ எழுது."

கௌசல்யா எழுதினாள். மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று முதல் வரியில் எழுதினாள். போனுக்கான அந்த வரியை நடுவில் எழுதினாள். தாளின் உச்சியில், பஞ்சாமிர்த டப்பாவின் மேல் இருப்பதைப் போல, தயாரித்த தேதி, இரண்டு வருஷத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டம் போட்டாள். இந்தத் தடவை யாரும் தொலைக்க முடியாது.

மரியராஜ் சார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்கூடக் கலங்கியது.

பத்து நாள் கழித்து, இன்னும் சென்டரை விடாத ஃபர்ஹீன் ஒரு போட்டோ அனுப்பினாள். புது பேட்சுக்குக் கொடுத்த நோட்ஸ். நாற்பத்திரண்டு பக்கமும் அப்படியே இருந்தன. கௌசல்யாவின் தாள் நாற்பத்துமூன்றாம் பக்கமாகக் கடைசியில் சேர்ந்திருந்தது. உச்சியில் தேதி இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. கட்டத்தின் ஒரு மூலை மட்டும் லேசாகத் தெரிந்தது.

கௌசல்யா போன் செய்தாள்.

"அந்த இடத்துல துண்டுப் பேப்பரை வச்சு மறைச்சு ஜெராக்ஸ் எடுத்தாருடி" என்றாள் ஃபர்ஹீன். "ஏன் சார்னு கேட்டேன். தேதி போட்டா பிள்ளைங்க பழசுன்னு நெனச்சுருமாம்."

"மனப்பாடம் பண்ண வேண்டாம்னு எழுதியிருந்தேனே?"

"அதையும் சேத்துத்தான் மனப்பாடம் பண்றாங்க. முந்தாநாளு ஒருத்தி அந்த வரியை விட்டுட்டு எழுதிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கொய்யாதான்."