எரிகோ குழுவும் ராசாங்கத்தின் சங்கும்

பிரவீணாவின் குரலைப் பற்றி நான் குறைத்தேதான் சொல்கிறேன். அவள் 'அல்லேலூயா' என்று எடுத்தால் பக்கத்து ஊர் கல்லங்குறிச்சியில் கறந்து வைத்த பால் திரிந்துவிடும். எங்கள் கோயில் பாடகர் குழுவில் அவளை முதலில் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். அப்புறம் ஜன்னலோரம். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே. வேப்பமரத்தடியில் நின்று பாடியும், உள்ளே இருந்த மொத்தக் குழுவையும் ஒருத்தியாக அமுக்கிவிட்டாள்.

"மெதுவா பாடு பாப்பா, ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்" என்பார்கள்.

"அவருக்குக் கேக்கும். அவரு ஒண்ணும் சொல்லலியே" என்பாள்.

இரண்டாயிரத்து நான்கில், எங்கள் அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மனசு மாறி மறுபடியும் பெரம்பலூரோடு ஒட்டவைத்திருந்த காலத்தில், அவள் ஒரு ராக் குழு ஆரம்பித்தாள். சாதா ராக் அல்ல, ஹெவி ராக். பெயர் எரிகோ, வேதாகமத்தில் எக்காளச் சத்தத்துக்கே மதில் விழுந்த ஊர். கிட்டார் வாசித்தது லப்பைக்குடிக்காட்டு அன்சார். அவன் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய ஆம்ப்ளிஃபையர் பீரோ அளவு இருக்கும். அதைப் போட்டால் ரயில்வே ஸ்டேஷன் வரை பல்பு மங்கும்.

"கோயில் பாட்டுக்கு நீ எப்படிப்பா?" என்று கேட்டேன்.

"தாவூது நபி, உங்க தாவீது ராசா, பாடுன பாட்டுத்தானே மாமா? அவரு எங்களுக்கும் நபிதான்."

டிரம்ஸ், மைக்செட் கடை மணிவண்ணன். அவன் அடித்தால் டிரம்ஸ்தான் பாவம்.

எங்கள் சபைச் செயலாளர் ராசாங்கம் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெடி வைக்கும் முன் மின்சாரச் சங்கை ஊதவிட்டு ஊரை எச்சரித்தது அவர் கைதான். கடைசியில் பாஸ்டர் ஐயா கெஞ்சியதால் இறங்கி வந்தார்.

"அறுப்பின் பண்டிகையில ஒரே ஒரு பாட்டு. பாட்டு முடியிறதுக்குள்ள ஒரு ஆளு, ஒரே ஆளு, எந்திரிச்சு வெளிய போனாலும் போச்சு, அப்புறம் இந்தக் காம்பவுண்டுக்குள்ள எரிகோவும் கெடையாது, எருமைக்கன்னும் கெடையாது."

"சரிங்க மாமா" என்றாள் பிரவீணா. என்னிடம் தனியாகச் சொன்னாள்: "இங்க விட்டா முழுத்தொண்டையில பாட எனக்கு வேற எடம் எங்க இருக்கு, சொல்லுங்க?"

பண்டிகையன்று பீடத்தின் முன்னால் ஏலத்துக்கு வந்த காணிக்கைகள் குவிந்து கிடந்தன: முந்திரி, முட்டை, கால் கட்டிய கோழிகள், யானைக்குட்டி பருமனில் ஒரு பூசணிக்காய். அந்தப் பூசணிக்காய்மேல் எனக்கு ஒரு கண். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணிவண்ணன் தன் கடையிலிருந்த கூம்பு ஸ்பீக்கர்கள் அத்தனையையும் கொண்டுவந்து ஓட்டுக்கூரையில் கட்டியிருந்தான்.

பிரவீணா கண்ணை மூடினாள். அடித்தொண்டையில் ஒரு 'ஊ'வைத் தொடங்கி, மெல்ல மெல்ல மேலே ஏற்றினாள். அன்சாரின் கிட்டாரும் கூடச் சேர்ந்து கிறீச்சிட்டு ஏறியது.

சுரங்கத்தை ஒட்டி வாழ்கிற ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சங்கு ஊதினால் கைக்கு எட்டிய, உடையக்கூடிய சாமானைத் தூக்கிக்கொண்டு ஓட்டுக்கூரையின் கீழிருந்து வெட்டவெளிக்கு வந்துவிடுவோம். 'டமால்' கேட்டதும் "ஆச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போவோம். மதியத் தூக்கத்தில் கண்ணைத் திறக்காமலே போய்த் திரும்பி வந்து படுக்கிறவர்கள் நாங்கள்.

அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரத்தில் கோயில் காலி. சிந்தாமணி அக்காள் முட்டைத் தட்டோடு, பாஸ்டர் ஐயா சுவர்க் கடிகாரத்தோடு, நான் பூசணிக்காயோடு வாசலில் நின்றோம். எங்களுக்கெல்லாம் முன்னால் ராசாங்கம் இரண்டு கையையும் விரித்துக் கத்திக்கொண்டிருந்தார்: "தள்ளி நில்லுங்க! ஓட்டுக்குக் கீழ யாரும் நிக்காதீங்க!"

ஜன்னல் வழியே பார்த்தேன். பிரவீணா கண்ணைத் திறந்தாள். எதிரே வெறும் பெஞ்சுகள், கால் கட்டிய கோழிகள். அவள் முகம் ஒரு கணம் உடைந்தது. ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. கோழிகளைப் பார்த்தே அடுத்த அடியைப் பாடினாள்:

"இடியட்டும் இடியட்டும் மதில் இடியட்டும்!"

மணிவண்ணன் டிரம்ஸில் இறங்கினான். டமால்!

"ஆச்சு" என்றோம் எல்லோரும். உள்ளே போய் உட்கார்ந்தோம். முட்டைத் தட்டு பீடத்தடிக்கு, கடிகாரம் ஆணிக்குப் போயின. பாட்டை முழுசாகக் கேட்டோம். நெஞ்சுக்குள் யாரோ அரிசி மூட்டையை இறக்குகிற மாதிரி இருந்தது, நன்றாகவே இருந்தது.

பாட்டு முடிந்ததும் ராசாங்கம் எழுந்தார்.

"ஒரு ஆளு இல்ல, ஊரே எந்திரிச்சுப் போச்சு. பேச்சு பேச்சுத்தான். எல்லாத்தையும் கட்டு."

"நீங்க எதுக்கு மாமா வெளிய போனீங்க?" பிரவீணாவின் குரல் நடுங்கியது.

"எல்லாரும் போனாங்க, போனேன்."

"மொதல்ல ஓடுனதே நீங்கதான். என் காலை மிதிச்சிட்டு" என்றாள் சிந்தாமணி அக்காள்.

"சங்கு ஊதுனாப்புல இருந்துச்சு..."

"ஊதுனாப்புல இருந்துச்சா, ஊதுச்சா?" என்றாள் பிரவீணா. இப்போது குரலில் நடுக்கமில்லை.

ஊதவில்லை என்றால், ஆயுசு முழுக்கச் சங்கு ஊதியவரை ஒரு பெண்பிள்ளையின் தொண்டை ஏமாற்றிவிட்டது என்றாகும். டீக்கடையில் வேப்பந்தட்டை வரைக்கும் சிரிப்பார்கள். ஊதியது என்றால், பாட்டுக்காக ஒருத்தரும் எழுந்து போகவில்லை. ராசாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஊதுச்சு."

"சுரங்கத்துக்கு லீவான ஞாயித்துக்கெழமையிலயா?" என்று கேட்டுவைத்தேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"அவசர வெடி!"

பாஸ்டர் ஐயா கடிகாரத்தை நேராக்கியபடியே தீர்ப்புச் சொன்னார்: "சங்குக்குப் போனது பாட்டுக்குப் போனதா ஆவாது. எரிகோ அடுத்த வாரமும் பாடட்டும்."

அடுத்த ஞாயிறு அதே 'ஊ' ஏறியபோது, விஷயம் தெரிந்த நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சைப் பிடித்துக்கொண்டோம். ராசாங்கம் மட்டும் எழுந்தார். சங்கு என்று சொல்லியாயிற்றே, உட்கார முடியுமா? கம்பீரமாக வெளியே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுரங்கம் இருக்கும் திசையைப் பார்த்து நின்றார். டிரம்ஸ் விழுந்ததும் "ஆச்சு" என்று உள்ளே வந்தார். கிறிஸ்துமஸ் வரை வாராவாரம் இதே கதை. ஒருநாள் ஆராதனை முடிந்ததும் பிரவீணாவை ஓரமாகக் கூப்பிட்டார். நானும் செருப்புத் தேடுகிற சாக்கில் பக்கத்தில் நின்றேன்.

"சங்குன்னா கடைசியில கொஞ்சம் எறங்கணும் பாப்பா. நீ ஒசரத்திலேயே நிறுத்திப்புடுற."

"எறக்க மாட்டேன் மாமா" என்றாள் பிரவீணா. "நீங்க உள்ளயே உக்காந்து கேளுங்க."