சாக்கடைக்கு நன்றி

மாமா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். என்ஜின் சத்தம் அவர் காதுக்குள் குடியேறிவிட்டது. ஊருக்கு வெளியே இருக்கும் காட்டுக்குள் நடந்தால் மட்டும் அந்த இரைச்சல் அடங்குகிறது என்பார். காலையில் போய் வந்த நாட்களில் அத்தையிடம் வம்பு பேசிச் சிரிப்பார். போகாத நாட்களில் அவரிடம் எல்லோரும் கையாலேயே பேச வேண்டியதுதான்.

அந்தக் காட்டை அழித்துச் சரக்குக் கிடங்கு கட்ட நகரசபையில் ஓட்டெடுப்பு வரப்போவதாகத் தெரிந்ததும், எங்கள் பகுதி உறுப்பினரைப் பார்க்க அத்தை நேரம் வாங்கினாள். அவர் எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

அத்தையின் தையல் கடையில்தான் ஒத்திகை நடந்தது. நான் பட்டன் தைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு காட்டை விட்டு விலகினால் அத்தை கழுத்திலிருந்த அளவு டேப்பை உருவி மேசையில் ஓர் அடி அடிப்பாள்.

"தெருவிளக்கு பத்தி மட்டும் ஒரு வார்த்தை..." என்றார் பக்கத்து வீட்டு வாத்தியார்.

டேப் விழுந்தது. "பத்து நிமிஷம்தான் குடுத்திருக்காரு. காட்டைத் தவிர வேற பேச்சு எடுத்தீங்க, அடுத்த சட்டைக்கு ஒரு கைதான் வெச்சுத் தைப்பேன்."

"அப்போ கூலியும் பாதிதானே?" என்றார் மருந்துக்கடைக்காரர். அவருக்கும் ஓர் அடி விழுந்தது.

மாமாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது டேப்பை நான் எடுத்து நீட்டினேன். "இதோட போனா அளவெடுக்க வந்திருக்கோம்னு நினைப்பாரு" என்று அத்தை அதைத் தையல் மெஷின் மேலேயே வைத்துவிட்டாள்.

உறுப்பினர் எழுந்து நின்று வரவேற்றார். நாங்கள் உட்காருவதற்குள் அவரே ஆரம்பித்தார். "மழை பெஞ்சா உங்க தெரு சாக்கடை கடைக்குள்ளயே வருதாமே?"

"வருதாவா? மாத்திரை அட்டையெல்லாம் கப்பலா மிதக்குதுங்க!" என்றார் மருந்துக்கடைக்காரர். உறுப்பினர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் வாத்தியாருக்கும் துணிச்சல் வந்து, தெருவிளக்கை எடுத்துவிட்டார். அத்தையின் கை கழுத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை.

"அக்கா, உங்க கடை எப்படி?" என்று உறுப்பினர் அத்தை பக்கம் திரும்பினார்.

"எங்க கடையிலயும் வரும்ங்க" என்றாள் அத்தை. "போன மழையில ஒரு கல்யாண உடுப்பு, முழுசா முடிச்சு வெச்சிருந்தேன்..." ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. அந்த உடுப்புக்காக அவள் அழுதது எனக்குத் தெரியும். அதையெல்லாம் அன்றுவரை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை.

உதவியாளர் கதவைத் திறந்தார். வெளியே அடுத்த கூட்டம் நின்றது.

அத்தை எழுந்துகொண்டே, "அந்தக் காடு விஷயம்..." என்றாள்.

"பாத்துக்கலாம்க்கா. முதல்ல சாக்கடை. இந்த மாசமே முடிச்சுத் தரேன்."

"ரொம்ப நன்றிங்க" என்றாள் அத்தை.

படியில் இறங்கும்போது மாமா கேட்டார், "காட்டுக்கு என்ன சொன்னாரு?" அவருக்கு உள்ளே பேசியது எதுவும் காதில் விழவில்லை. வாத்தியார் செருப்பைத் தேடினார். மருந்துக்கடைக்காரர் ஃபோனைப் பார்த்தார்.

அதன் பிறகு அத்தை தனியாகப் பலமுறை போனாள். உறுப்பினர் கூட்டத்தில் இருக்கிறார், வெளியூரில் இருக்கிறார் என்றே பதில் வந்தது. ஓட்டெடுப்பில் அவர் கிடங்குக்குக் கை தூக்கினார். காரணம் கேட்டவர்களிடம் அவர் சொன்னதைச் செய்தித்தாளில் படித்தோம்: "அந்தப் பகுதி மக்கள் நேரில் வந்தார்கள். பேசியதெல்லாம் சாக்கடை பற்றித்தான். போகும்போது நன்றியும் சொன்னார்கள்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

சாக்கடை வேலையைச் சொன்னபடி முடித்துக் கொடுத்தார். மழை கொட்டியும் கடைத் தரை காய்ந்தே கிடக்கிறது. நடக்கப் போகக் காடு இல்லாததால் மாமா காலையிலேயே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார். இரைச்சலை அமுக்க ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறார். அத்தை அதைக் குறைக்கச் சொல்வதில்லை.

நேற்று துணி கொடுக்க வந்த ஒரு பெண், "பரவாயில்லையே, இப்போ ஒரு சொட்டுத் தண்ணி நிக்கலையே! நீங்க போய்ப் பேசினதாலதானாம்?" என்றாள்.

அத்தை கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். மேசைக்கு மேலே கை ஓங்கியபடியே நின்றது. பிறகு அதை இறக்கி அந்தப் பெண்ணின் தோளை அளக்க ஆரம்பித்தாள்.